மாயவேல் வரைந்த படிக்கட்டு

போன மாதம் வலது கண்ணில் புரை எடுத்துக்கொண்டேன். சேலத்தில் ஒரு கண் மருத்துவமனை. மறுநாள் கட்டைப் பிரித்து, சொட்டுமருந்து விட்டு, அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று வெளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். சொன்னபடி உட்காருகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. திருட்டுத்தனமாக ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். எதிர்ச்சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. சதுரமாகச் சுற்றி வருகிற ஒரு படிக்கட்டு. முதல் படியிலிருந்து விரலால் தொடர்ந்து போனால் ஏறிக்கொண்டே போகிறது. ஏறி ஏறி, எங்கேயும் இறங்காமல், மறுபடி முதல் படிக்கே வந்து சேர்கிறது. மருந்தின் வேலையா, படத்தின் வேலையா என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "ஏனுங்க, அந்தப் படத்துல படி மேல போகுதுங்களா, கீழ போகுதுங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு ரெண்டு கண்ணுலயும் கட்டுப் போட்டிருக்குதுங்க" என்றார் அவர், கொஞ்சம் கோபமாகவே.

மன்னிப்புக் கேட்பதற்குள் ஒரு பெண் வந்து ஏதோ மருந்து கலந்த தண்ணீரால் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். அந்தக் காரமான நெடி மூக்கில் ஏறியதும் எனக்குக் கண்ணும் மறந்துபோயிற்று, படமும் மறந்துபோயிற்று. அது அமோனியா. அமோனியா என்றால் எனக்கு வரைபட அறை. எழுபதுகளின் கடைசியில், சேலத்தில் சாலை போடும் அலுவலகம் ஒன்றில் நான் டிரேசராக இருந்தேன். படங்களை நகலெடுக்கும் பெட்டி மூலையில் இருக்கும். அதற்குள் தாளைச் சுருட்டிவைத்துக் கீழே அமோனியாப் புட்டியைத் திறந்துவைத்தால், கொஞ்ச நேரத்தில் கோடுகள் ஊதாநிறத்தில் எழுந்து வரும். எங்கள் கண்ணில் தண்ணீரும் வரும். தலைக்கு எண்ணெய் வைத்துக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு போனாலும் சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

டிரேசர் வேலை என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், இப்போது யாருக்கும் தெரியாது. பெரியவர்கள் பென்சிலால் வரைந்து கொடுத்த படத்தின்மேல் கண்ணாடி மாதிரி ஒரு துணியைப் பரப்பி, கீழே தெரிகிற கோட்டை மசியால் அப்படியே இழுக்க வேண்டும். சொந்தமாக ஒரு கோடு போடக் கூடாது. பாலம் தப்பாக இருந்தால் தப்பாகவே இழுக்க வேண்டும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? சொந்தமாக யோசிக்க வேண்டாம் என்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

யோசனையையெல்லாம் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்வேன். வீடு புதுச்சத்திரத்தில். தினமும் காலையில் சேலத்துக்கு, மாலையில் திரும்ப. போகவர இரண்டு மணி நேரத்துக்கு மேல் படிப்பேன். அப்போது சேலத்திலேயே அச்சாகி ஒரு மாத இதழ் வந்துகொண்டிருந்தது. சாணித் தாள், மங்கலான அச்சு. மடித்தால் மை விரலில் ஒட்டும். அதில் ககனன் என்ற பெயரில் ஒருவர் விஞ்ஞானக் கதைகள் எழுதினார். வானத்துக் கதைகள்தான். ஆனால் அவருடைய ஆட்கள் எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரியே இருப்பார்கள். செவ்வாய்க் கிரகத்தில் ஒருவன் கிணறு வெட்டிவிட்டுத் தண்ணீர் வரவில்லையே என்று வரப்பில் உட்கார்ந்திருப்பான். நான் அதற்கு அடிமை.

அந்தக் கதைகளில் ஒரு விஷயம் என்னைப் படுத்தியது. எந்தக் கதையாக இருந்தாலும் நடுவில் ஓரிடத்தில் ஓர் ஓவியரின் பெயர் வந்துவிடும். மாயவேல். வியாழனைச் சுற்றுகிற நிலையத்தில் ஒரு சமையல்காரன் வழி தவறுவான். 'காலஞ்சென்ற மாயவேல் வரைந்த படிக்கட்டில் மாட்டிக்கொண்டவனைப்போலச் சுற்றிச் சுற்றி வந்தான்' என்று இருக்கும். இன்னொரு கதையில் ஒரு நீதிமன்றம். சாட்சி சொல்ல வருகிறவர் முதலில் சுவரில் இருக்கும் மாயவேலின் பெட்டிப் படத்தைப் பார்த்து, எத்தனை பெட்டி என்று சொல்ல வேண்டும். ஒரு விதமாகப் பார்த்தால் ஆறு, இன்னொரு விதமாகப் பார்த்தால் ஏழு. இரண்டையும் சொல்கிறவனைத்தான் நீதிபதி நம்புவார். வேறொன்றில், 'முன்னூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த மாயவேலின்' படிக்கட்டை எண்ணச் சொன்னதால் ஓர் இயந்திர மனிதன் எண்ணிக்கொண்டே நின்றுபோய்விடுவான். எல்லாமே போகிற போக்கில் ஒரு வரி. யார் அவர், எந்த ஊர், எதுவும் கிடையாது. நமக்கெல்லாம் தெரிந்தவர்போல எழுதிவிட்டு அவர்பாட்டுக்குப் போய்விடுவார்.

நிஜமாகவே அப்படி ஓர் ஓவியர் உண்டா, இல்லையா? எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஒன்று தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான். நூலகத்தில் கேட்டேன். நூலகர் இரண்டு தடிப் புத்தகங்களைத் தூசி தட்டித் தேடிவிட்டு, "ராஜா காலத்து ஆளா, வெள்ளைக்காரன் காலத்து ஆளா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்குப் பள்ளியில் ஓவியம் நடத்திய சாரைக் கடைவீதியில் பார்த்தபோது கேட்டேன். "கேள்விப்பட்ட மாதிரிதாம்மா இருக்குது" என்றார். அதுதான் இன்னும் மோசம். இதழுக்கு எழுதிப் போட்டேன்; பதில் இல்லை.

ஒரு மழைக்காலத்தில் அலுவலகக் கூரை ஒழுகி என் வரைபலகை நனைந்துவிட்டது. பெரிய பலகை, இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்க வேண்டும். அதைக் கால்களிலிருந்து கழற்றி, காயட்டும் என்று சுவரோரமாகத் திருப்பிச் சாத்தினோம். அடிப்பக்கம் வெளியே தெரிந்தது. அங்கே ஒரு மூலையில், உள்ளங்கை அகலத்தில், பென்சிலால் ஒரு படிக்கட்டு. நான்கு பக்கம். ஏறிக்கொண்டே போய் ஏறத் தொடங்கிய இடத்துக்கே வருகிறது. ஒரு படியில் மட்டும் ஒரு சின்னப் பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது.

குனிந்து விரலால் ஒரு சுற்று ஏறிப் பார்த்தேன். கதையில் படித்த படம் என் பலகைக்குக் கீழே எப்படி வந்தது? இரண்டு வருடமாக அதன்மேல் கையூன்றி வேலை செய்துகொண்டிருக்கிறேன். யாரோ கதையைப் படித்துவிட்டு வரைந்ததா? இல்லை, இதைப் பார்த்துவிட்டு யாரோ கதை எழுதினார்களா? எங்கள் தலைமை வரைவாளர் வரதராஜன் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் பலகையில் கிறுக்கலா என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லிவிடுவாரோ என்று பயம். நான் கேட்கவில்லை. மத்தியான நேரத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது ஒரு டிரேசிங் தாளை அதன்மேல் வைத்து, கற்றுக்கொண்ட ஒரே வித்தையைச் செய்தேன். பல்லி உட்பட அப்படியே இழுத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. புத்தி அதற்கும் கம்மி. எப்போது பார்த்தாலும் காலஞ்சென்ற மாயவேல், மறைந்த மாயவேல் என்று எழுதுகிறாரே, அந்த எழுத்தாளரைக் கொஞ்சம் சீண்டிப் பார்ப்போம் என்று தோன்றியது. படத்துக்குக் கீழே, பாலங்களுக்குப் பெயர் எழுதுகிற எழுத்தில், 'நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் – மாயவேல்' என்று எழுதினேன். சேலத்தில் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று இதழின் விலாசம் எழுதி, ரொம்ப சாமர்த்தியமாகப் புதுச்சத்திரத்துத் தபால் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டேன். உறையின்மேல் புதுச்சத்திரம் என்று முத்திரை குத்துவார்கள் என்பது என் சாமர்த்தியத்துக்கு எட்டவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ் நிற்கிற இடத்தில் இருந்த மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, நாற்பது வயது இருக்கும், ஒருவர் கடைக்காரரிடம் ஒரு தாளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் படம் வரைகிற ஆள், முப்பது வயது இருக்கும், இடது கையால் எழுதுவான், யாராவது உண்டா என்று விசாரித்தார். எட்டிப் பார்த்தேன். என் தாள். மடித்த மடிப்பில் கிழியாமல் இருக்கப் பின்னால் வேறு தாள் ஒட்டியிருந்தது. நான் வாங்க வந்த பருப்பை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறும் அவர் வந்தார். இந்தத் தடவை எங்கள் வீட்டுக்கே வந்திருக்கிறார். நான் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து சொன்னாள்.

"ஆட்டையாம்பட்டி வாத்தியாருங்களாமா. தம்பிக்காரன் ஊட்ட உட்டுப் போயி மூணு வருசமாச்சாம். நம்மூருல இருந்து கடுதாசி போட்டிருக்கறானாம், உசுரோட இருக்கறேன்னு. ஊடு ஊடா ஏறி எறங்கறாரு, பாவம்."

எனக்குக் கையில் இருந்த துணி எது, சோப்பு எது என்று தெரியவில்லை. விளையாட்டுக்கு எழுதிய வரி அது. கதையில் வருகிற ஓவியன் ஒருவரின் தம்பியாக எப்படி மாறினான்? அந்த வாரம் முழுவதும் பஸ்ஸில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் என்ன ஆகும்? அவர் கத்துவார். அம்மாவுக்குத் தெரிந்துவிடும், ஊருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அவர் ஞாயிறுதோறும் வருவார். வருகிறவருக்கு என்ன கிடைக்கும்? எதுவும் கிடைக்காது.

மூன்றாவது ஞாயிறு காலையிலேயே நான் போய் பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். அவர் இறங்கினார். பையில் ஆட்டையாம்பட்டி முறுக்குப் பொட்டலம் வேறு இருந்தது. தம்பிக்கு என்று வாங்கிவந்திருக்க வேண்டும். தபால் ஆபீஸ் பக்கமாக நடந்தார். பின்னாலேயே போய்க் கூப்பிட்டேன்.

"சார், அத வரைஞ்சது நானுங்க."

திரும்பிப் பார்த்தார். காதில் விழவில்லையோ என்று மறுபடி சொன்னேன். கதையைப் படித்து விளையாட்டாகச் செய்தது, தப்பு என்னுடையது என்றெல்லாம் உளறினேன். அவர் தாளை விரித்தார். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. அவர் முகம் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்போல இருந்தது.

"அம்மிணி, படிக்கட்டு நான் கதையில எழுதுனது. சரி. இந்தப் பல்லி?"

"என்னுங்க?"

"பல்லிய நான் ஒரு கதையிலயும் எழுதலீங். அது அவன் போடறது. எந்தப் படம் போட்டாலும் ஒரு பல்லியப் போட்டுத்தான் முடிப்பான். இது உங்களுக்கு எங்க கெடைச்சுது?"

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. பலகையைப் பற்றிச் சொன்னேன். அவர் அங்கேயே, தபால் ஆபீஸ் படியில், உட்கார்ந்துவிட்டார்.

அவர் பெயர் கந்தப்பன். ஆட்டையாம்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். ககனன் அவர்தான். வீட்டில் தறி ஓடியது. தம்பி தங்கவேல்தான் சேலைக்கரைக்கு மாதிரி வரைகிறவன். கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வைத்து, அதைப் பார்த்துத் தறியில் ஏற்றுவார்கள். ஒரு கல்யாணச் சேலைக்கு மாங்காய்க்கரை கேட்டிருந்தார்கள். தங்கவேல் தன் இஷ்டத்துக்குப் பெட்டி பெட்டியாகப் போட்டு நெய்யவைத்துவிட்டான். பார்த்தால் பெட்டிகள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்குமாம். பெண்வீட்டுக்காரர்கள், பார்த்தாலே தலை சுத்துகிறது, கல்யாணத்தில் கட்டுகிற சேலையா இது என்று திருப்பி எறிந்துவிட்டார்கள். அப்பாகூட ஒன்றும் சொல்லவில்லை. கந்தப்பன்தான், இந்த வீட்டில் உனக்கு இடமில்லை, உன் கிறுக்கை எங்கேயாவது கொண்டுபோய் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அவன் அன்றைக்கே போய்விட்டான்.

தம்பியைக் காணவில்லை என்று விளம்பரம் கொடுக்க அவருக்கு வெட்கம். தம்பி அந்த மாத இதழை விடாமல் வாங்குகிறவன் என்பது தெரியும். எனவே அதில் கதை எழுத ஆரம்பித்தார். தங்கவேலை மாயவேல் ஆக்கினார். அவன் வரைந்த படங்களைப் பற்றி ஒவ்வொரு கதையிலும் ஒரு வரி வைத்தார். எங்கே இருந்தாலும் படிப்பான், தன் படம் என்று தெரிந்துகொள்வான், அண்ணன் தன்னை மறக்கவில்லை என்று தெரிந்தால் வருவான் என்று நினைத்தார். மூன்று வருடமாக வரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை அவர் பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வரதராஜன் சாரிடம் நானே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் உப்புத்தாளைத் தேடவில்லை. தங்கவேலா, ஆமாம், இடது கைக்காரன், நீ சேர்வதற்கு முன்னால் தினக்கூலிக்கு நான்கைந்து மாதம் இருந்தான், நல்ல கை, ஆனால் பாலத்துக்குக் கீழே பல்லியைப் போட்டுவைப்பான் என்று அவர் சிரித்தார். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஆள் எடுக்கிறார்கள் என்று போய்ச் சேர்ந்து, அந்த வண்டியோடு வடக்கே போய்விட்டானாம்.

கந்தப்பன் சார் படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பலகையை அதற்குள் மறுபடி மாட்டியிருந்தோம். கழற்றட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு தரையில் மல்லாக்கப் படுத்து, பலகைக்கு அடியில் நகர்ந்து போனார். வெகுநேரம் அவர் கால் மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு திருச்செங்கோடு போகலாம் என்றார். நான் வருவேனா என்று அவர் கேட்கவில்லை. நானே வருகிறேன் என்றேன். கல்யாணமாகாத பெண், யாரோ ஒரு வாத்தியாரோடு பஸ் ஏறுவதா? அதற்கு ஒரு வழிதான் இருந்தது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு நாள் திட்டினாள். ஐந்தாம் நாள், தானும் வருவதாகச் சொல்லிப் புளிச்சோறு கட்டினாள்.

திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள் நிற்கிற இடங்களாக விசாரித்துக்கொண்டே போனோம். ஐந்தாவதோ ஆறாவதோ ஒரு கொட்டகை. வெயிலில் ஒரு வண்டியின் பக்கத்தில் ஒருவர் குந்தி உட்கார்ந்து கதவில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். இடது கையில் பிரஷ். வடக்கே இரண்டு வருடம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டு இங்கேயேதான் இருந்திருக்கிறார். ஆட்டையாம்பட்டிக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்? ஒரு மத்தியானம் போய்வந்துவிடலாம்.

கந்தப்பன் சார், "தம்பி" என்றார். அவர் திரும்பிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. பிரஷைக் கீழே வைத்தார்.

எங்களுக்கு அங்கே நிற்பதா போவதா என்று தெரியவில்லை. அம்மா என் கையைப் பிடித்து ஒரு டயருக்குப் பின்னால் நிறுத்தினாள். அண்ணன்தான் பேசினார். அன்றைக்குச் சொன்னது தப்பு, அம்மா உன் தட்டை இன்னும் கழுவிக் கவிழ்த்துவைக்கிறாள், மூன்று வருடமாக எழுதிக்கொண்டே இருக்கிறேன், நீ படிக்கவில்லையா என்று கேட்டார்.

"வடக்க இருந்தப்பவும் வரவழச்சு எல்லாத்தையும் படிச்சேனுங்ணா" என்றார் தங்கவேல். "எந்தக் கதையிலாச்சும் என்னைய உசுரோட உட்டிருக்கறீங்களா? காலஞ்சென்ற, மறைந்த, வாழ்ந்து மறைந்த. மொதக் கதையப் படிச்சதும் கெளம்பி வரலாம்னு சட்டையப் போட்டேன். ரெண்டாவது கதையிலயும் அதேதான். செரி, ஊட்டுல நம்மளுக்குத் தல முழுகிட்டாங்க, அதத்தான் இப்படிச் சொல்லி அனுப்பறாங்கன்னு நெனச்சுட்டேன்."

கந்தப்பன் சாருக்கு அப்படியும் படிக்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அத்தனை கதைகளையும் இரண்டிரண்டு தடவை படித்தவள் நான்.

"அது முன்னூறு வருசம் கழிச்சு நடக்கற கதைடா" என்றார் கடைசியில். "அதுல நானுந்தான் செத்துப்போயிருப்பேன்."

"நீங்க செத்தீங்கன்னு ஒரு வரி எழுதலையேங்ணா."

கந்தப்பன் சார் பையைத் திறந்து என் தாளை எடுத்துக் கொடுத்தார். தங்கவேல் அதை வாங்கி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பல்லியைத் தொட்டுப் பார்த்தார். கீழே இருந்த வரியை வாய்க்குள் படித்தார்.

"இத நான் எழுதலீங்ணா" என்றார். தாளை மடித்துக்கொண்டே, "நாந்தான் எழுதியிருக்கோணும்" என்றார்.

நான் டயருக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தேன். எதற்கு அழுகிறேன் என்று தெளிவாகத் தெரியவில்லை. என் குறும்பு நல்லதாக முடிந்ததே என்றா, முடியாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றா? அம்மாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே போய் அவர்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். "மொதல்ல சாப்புடு சாமி. பொறவு பேசிக்கலாம்" என்றாள். வண்டி நிழலில் உட்கார்ந்து ஐவர் சாப்பிட்டோம். ஐந்தாவது ஆள் கொட்டகைக் காவல்காரர். அவருக்கு யார் யார் என்ன உறவு என்று கடைசிவரை புரியவில்லை.

அன்றைக்குத் தங்கவேல் எங்களோடு வரவில்லை. கையில் இருக்கிற வண்டியை முடித்துவிட்டு வாரேன் என்றார். கந்தப்பன் சார் பஸ்ஸில் வழியெல்லாம், வருவானா அம்மிணி, வருவானா என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு கார்டு வந்தது. 'தம்பி வந்து சேர்ந்தான். அம்மா இரண்டு நாளாக அவனைத் தூங்கவிடவில்லை. கந்தப்பன்.' அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இதழில் ககனன் கதை ஒன்றே ஒன்று வந்தது. மாயவேல் பெயர் அதில் இல்லை. அப்புறம் கதையே இல்லை. நான் மாதாமாதம் கடைக்குப் போய் நின்றபடியே புரட்டிப் பார்ப்பேன். யார் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கல்யாணமாகி, சேலத்திலேயே வீடு பார்த்து, மகன் பிறந்து, எண்பதுகளின் நடுவில் ஒருநாள், பஸ் நிலையத்தில் கந்தப்பன் சாரைப் பார்த்தேன். நன்றாகச் சதை போட்டிருந்தார். தம்பிக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் முடித்ததையும், பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டதையும், போன வாரம் ஒரு வாய்க்கால் தகராறில் இருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை என்பதையும் சந்தோஷமாகச் சொன்னார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"இப்பல்லாம் எழுதறதில்லீங்களா சார்?"

"யாருக்குங் அம்மிணி எழுதறது? அவந்தான் ஊட்டுக்கே வந்துட்டானே."

நான் படித்தேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த மாதம் என்ன வரும் என்று எண்ணி எண்ணிக் காத்திருந்தேனே, எனக்காக ஒன்று எழுதியிருக்கக் கூடாதா என்று கேட்க நினைத்தேன். ஆனால் அந்த நிமிஷத்தில்தான் விளங்கிற்று. அத்தனை மாதமும் நான் படித்ததெல்லாம் இன்னொருவருக்கு வந்த கடிதம். உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, எனக்கேன் எழுதவில்லை என்று எப்படிச் சண்டை போடுவது? அவர் பஸ் வந்தது. என்னோடு இருந்த மகனின் தலையைத் தடவிவிட்டு ஏறிக்கொண்டார்.

அந்த இதழ் பிறகு சில வருடங்களில் நின்றுபோயிற்று. அச்சாபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். என்னிடம் இருந்த பிரதிகளை வீடு மாறும்போது யாரோ பழைய பேப்பரோடு கட்டிப் போட்டுவிட்டார்கள், நானாகக்கூட இருக்கலாம். நூலகத்தில் கேட்டால், அப்படி ஓர் இதழ் வந்ததா என்கிறார்கள். கந்தப்பன் சாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கவேல் மகனோடு எந்த ஊருக்கோ போய்விட்டதாகக் கேள்வி. விசாரித்தேன், ஆட்டையாம்பட்டியில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். சாயங்காலம் வந்து உட்கார்ந்து கதை கேட்பாள். ஞாபகத்தில் இருக்கும் ககனன் கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி வருகிறேன். கடைசியாக வந்த கதையை மட்டும் என்னால் முடிக்க முடியவில்லை. சனிக்கிரகத்துப் பக்கத்தில் விளக்கைச் சரிசெய்ய விண்வண்டிக்கு வெளியே போனவனின் கயிறு அறுந்துவிடுகிறது. உள்ளே இருப்பவன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறான். அதற்கப்புறம் என்ன? ஒரு நாள் அவன் திரும்பி வந்துவிட்டான் என்று சொன்னேன், இன்னொரு நாள் வரவில்லை என்று சொன்னேன். எழுதியது எது, நானாகச் சேர்த்துக்கொண்டது எது என்று அவள் கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. இரண்டுமே படித்த மாதிரித்தான் இருக்கிறது.